பெட்டர் கால் சால்: பார்ப்பதற்கு முன்பும் பார்த்த பிறகும் எழும் கேள்விகள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள ஆல்பகர்க்கி நகரத்தில் நடக்கும் கதை இது. சின்னச் சின்னத் தில்லுமுல்லுகள் செய்து பிழைத்து, திருந்தி வக்கீலான ஜிம்மி மெக்கில், கடைசியில் சால் குட்மேன் என்ற பெயரில் குற்றவாளிகளின் வக்கீலாக மாறுகிறான். வின்ஸ் கில்லிகனும் பீட்டர் கூல்டும் உருவாக்கிய தொடர் 2015 பிப்ரவரியில் தொடங்கி 2022 ஆகஸ்டில் முடிந்தது. கதாபாத்திரங்களை வைத்தே நகரும் தொலைக்காட்சித் தொடர்களில் எங்கள் கணக்கில் இதற்குத்தான் முதல் இடம். முதல் ஐந்து கேள்விகளில் கதையின் திருப்பங்கள் எதுவும் சொல்லப்படவில்லை. அதற்குப் பிறகு எல்லாமே பேசப்படுகிறது.

பிரேக்கிங் பேட் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், கதை புரியும். சால் துணைப் பாத்திரமாக முதலில் வந்த மூலத் தொடர்தான் பிரேக்கிங் பேட்; இது அதன் முன்கதை. ஆனால் முதலில் பிரேக்கிங் பேட் பார்த்துவிட்டு வருவதே நல்லது. கதைக் காலப்படி இது 2002இல் தொடங்குகிறது, அது 2008இல். அதனால் காலவரிசைப்படி இதை முதலில் பார்ப்போம் என்று சிலர் கிளம்புகிறார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் கெட்டுப்போகும். ஒன்று, ஒவ்வொரு சீசனின் தொடக்கத்திலும் பிரேக்கிங் பேட் கதைக்குப் பிந்தைய காலம் காட்டப்படுகிறது. எதற்குப் பிந்தையது என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும். மற்றொன்று இன்னும் பெரிய நஷ்டம். ஜிம்மி என்ன ஆவான் என்று முன்பே தெரிந்திருந்தால்தான், அவன் நல்லவனாக இருக்க எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் நமக்கு வலிக்கும்.

எங்கள் வரிசை இதுதான்: பிரேக்கிங் பேட் ஐந்து சீசன், பிறகு 2019இல் வந்த எல் காமினோ படம், அதன் பிறகு பெட்டர் கால் சால். எல் காமினோவைக் கடைசிக்குத் தள்ளினாலும் பெரிய பாதகமில்லை.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

63 எபிசோடுகள். முதல் ஐந்து சீசனிலும் பத்துப் பத்து, ஆறாவதில் மட்டும் 13. பெரும்பாலும் 45 நிமிடத்துக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குள். ஆக 50 மணி நேரத்தை ஒட்டி வரும். ஒரே நாளில் எட்டு, பத்து என்று ஓட்ட வேண்டாம். இந்தத் தொடர் ஒரு எபிசோடில் விதைத்ததை மூன்று எபிசோடு கழித்துத்தான் அறுக்கும். ஒரே மூச்சில் பார்த்தால் இரண்டும் மங்கிவிடும். நாளுக்கு இரண்டு போதும். ஆறாவது சீசன் ஒளிபரப்பானபோதே ஏழு, ஆறு என்று இரண்டாகப் பிரிந்துதான் வந்தது. அந்த ஏழாவது எபிசோடில் நிறுத்தி ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

முதல் சீசனின் நடுவில் கைவிட்டவர்களே அதிகம். துப்பாக்கிச் சண்டையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, முதியோர் இல்லத்தில் உயில் எழுதிக் கொடுக்கும் வக்கீலைக் காட்டினால் சலிக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே வேகம் குறைவே தவிர, நிகழ்வுகள் குறைவில்லை. ஒருவர் ஒரு வேலையைச் செய்யும் விதத்தை முழுதாகக் காட்டிவிட்டு, அவர் யார் என்பதை நம்மையே முடிவு செய்யச் சொல்கிறது.

மூன்றாம் சீசன் முதல் எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம்மியோடு அவ்வப்போது சேர்ந்து வேலை செய்யும் முன்னாள் போலீஸ்காரர் மைக். தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. காரைப் பழைய வண்டிகள் உடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் இருக்கை, கதவு உள்பக்கம் என்று அக்கக்காகக் கழற்றுகிறார். எதுவும் இல்லை. வெளியே வந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் பெட்ரோல் டேங்க் மூடி நினைவுக்கு வருகிறது. கார் போகும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி அதற்குள்தான் இருக்கிறது. அதைப் பிடுங்கி எறியவில்லை. அதே மாதிரி கருவி ஒன்றை வாங்கி இடம் மாற்றி வைத்துவிட்டு, பழையதன் பேட்டரியை ஒரு ரேடியோவில் இணைத்துத் தீரவிடுகிறார். பேட்டரி தீர்ந்தால் அவர்கள் மாற்ற வருவார்கள்; வந்து எடுத்துப்போனால் பின்தொடர்வது இவர் முறை. இத்தனைக்கும் வசனம் கிட்டத்தட்ட இல்லை. பொறுமை, சந்தேகம், முன்னாள் போலீஸ்காரரின் கைப்பழக்கம் மூன்றும் நமக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன.

அதனால் வேகத்தை 1.5 மடங்காக்கிப் பார்ப்பதும், கையில் போனை வைத்துக்கொண்டு காதால் கேட்பதும் இந்தத் தொடரில் எடுபடாது. முதல் சீசனின் ஆறாவது எபிசோடு வரை பொறுங்கள், மைக்கின் பழைய கதை வரும். ஒன்பதாவதும் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்.

சீசன் தொடக்கத்தில் வரும் கறுப்பு வெள்ளைக் காட்சிகளைத் தாண்டிவிட்டால் என்ன?

தாண்டவே கூடாது. நெப்ராஸ்காவின் ஓமாஹாவில் ஜீன் என்ற பெயரில் ஒளிந்து வாழ்ந்து, ஒரு மாலில் ரொட்டிக் கடை நடத்தும் சால்தான் அது. முதல் ஐந்து சீசனும் அவனோடுதான் தொடங்குகின்றன, கடைசி நான்கு எபிசோடுகளின் பெரும்பகுதியும் அவன் கதைதான். சின்னச் சின்னக் காட்சிகளில் அந்த ஆள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறான் என்பது வளர்ந்துகொண்டே வருகிறது. இரண்டாம் சீசனில் குப்பை அறைக்குள் மாட்டிக்கொள்கிறான். அவசரக் கதவைத் தள்ளினால் போலீஸுக்குத் தகவல் போகும் என்று எழுதியிருக்கிறது. யாராவது வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.

ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் அதற்கு முந்தைய ஜீன் காட்சியை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

டப்பிங்கா, சப்டைட்டிலா?

மூலக் குரலும் சப்டைட்டிலும்தான். ஜிம்மியாக நடிக்கும் பாப் ஓடன்கிர்க்கின் குரல் மூன்று ஆட்களுக்கு மூன்று விதமாக மாறும்: அண்ணனிடம் ஒன்று, தோழியும் வக்கீலுமான கிம்மிடம் ஒன்று, கட்சிக்காரரிடம் ஒன்று. நடிப்பில் பாதி அதில்தான் இருக்கிறது.

(இதற்குக் கீழே ஸ்பாய்லர் உண்டு.)

சக் வில்லனா?

ஜிம்மியின் அண்ணன், பெரிய வக்கீலான சக் பற்றி அதிகம் சண்டை நடக்கும் கேள்வி இது. எங்கள் கருத்து: ஜிம்மியைப் பற்றி சக் சொன்னது எல்லாமே சரி. அதைச் சொல்லும் உரிமையைத்தான் அவர் தன் நடத்தையால் இழந்தார்.

முதல் சீசன் ஒன்பதாவது எபிசோடை நினைத்துப் பாருங்கள். முதியோர் இல்ல வழக்கை, குப்பைத் தொட்டியில் கிழிந்த காகிதங்களைப் பொறுக்கி, அண்ணனின் உதவியோடு ஒட்டி, ஜிம்மி உருவாக்கியிருக்கிறான். அண்ணனின் நிறுவனத்தில் வேலை கிடைக்கும் என்று நம்புகிறான். மின்சாரம் பக்கத்தில் இருந்தாலே தன் உடம்புக்கு ஆகாது என்று நம்பி போனைத் தொடாத அண்ணன், அர்த்த ராத்திரியில் தம்பியின் போனை எடுத்து, அவனைச் சேர்க்காதே என்று நிறுவனக் கூட்டாளி ஹோவர்டிடம் சொல்லியிருக்கிறார். அதுவரை பழியைச் சுமந்தவர் ஹோவர்ட். கேட்டால், நீ உண்மையான வக்கீலே இல்லை என்கிறார்.

அதற்கான காரணம் இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில் வருகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறார். மூன்று நாளாக இருவரும் கூடவே இருக்கிறார்கள். ஜிம்மி சாப்பாடு வாங்கப் போன நேரத்தில் அம்மா கண் விழிக்கிறார். பக்கத்தில் இருக்கும் மூத்த மகனைப் பார்க்காமல், "ஜிம்மி" என்று கூப்பிட்டுவிட்டு இறந்துபோகிறார். தம்பி திரும்பி வந்து, ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறான். இல்லை என்கிறார் சக். கடைசிச் சொல் தன் பெயர் என்பது ஜிம்மிக்குத் தெரியவே தெரியாது. நன்றாகப் படித்தவர், ஒழுங்காக வாழ்ந்தவர், அம்மா அப்பாவைப் பார்த்துக்கொண்டவர். வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசியது மட்டும் சின்னவனிடம். சக்காக நடித்த மைக்கேல் மெக்கீன் அந்தப் பொறாமையை எங்கேயும் பொறாமை போல நடிக்கவில்லை, கொள்கை போல நடித்தார். வில்லன் என்று சொல்ல முடியாமல் போவதற்கு அதுதான் காரணம்.

சிக்கானரி எபிசோடை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

மூன்றாம் சீசன், ஐந்தாவது எபிசோடு, 2017. ஒரே இடத்தில் நடக்கும் விசாரணை. எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்தால் மதிப்பு இன்னும் கூடும்.

அடித்தளம் முந்தைய சீசனில் இருக்கிறது. கிம்மின் கட்சிக்காரரான வங்கியைச் சக் பிடுங்கிக்கொள்கிறார். ஆத்திரத்தில் ஜிம்மி அண்ணனின் கோப்புகளை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறான். கத்தியும் பசையும் வைத்து முகவரியில் 1216ஐ 1261 ஆக்குகிறான். வங்கி கிம்மிடமே திரும்பி வருகிறது. சக்குக்குத் தெரியும், நிரூபிக்க முடியாது. அதனால் தம்பியின் வாக்குமூலத்தை ரகசியமாக டேப்பில் பதிவு செய்கிறார். ஜிம்மி கதவை உடைத்துப் புகுந்து அந்த டேப்பை நொறுக்குகிறான். விசாரணை அதற்காகத்தான், அவன் வக்கீல் உரிமம் பறிபோக வேண்டும்.

விசாரணைக்கு முன் ஜிம்மியும் கிம்மும் சில வேலைகளைச் செய்து வைக்கிறார்கள். மைக் பழுது பார்ப்பவர் போலப் போய், சக் வாழும் இருட்டு வீட்டைப் படம் எடுத்து வந்திருக்கிறார். முன்னாள் மனைவி ரெபெக்காவை வரவழைத்து, சக்குக்கு எதிரே உட்கார வைக்கிறார்கள். படிக்கட்டில் ஒருவன் சக் மீது மோதிவிட்டுப் போகிறான், அவர் சட்டைப் பைக்குள் ஒரு போன் பேட்டரி விழுந்துவிடுகிறது. அறைக்குள் விளக்குகள் அணைக்கப்பட்டு, எல்லோருடைய கருவிகளும் வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன.

குறுக்கு விசாரணையில் ஜிம்மி தன் போனைக் காட்டுகிறான். அதில் பேட்டரி இல்லை என்று சக் கண்டுபிடித்துவிடுகிறார். பிறகு அவருடைய பையைப் பார்க்கச் சொல்கிறான். ஒரு மணி 43 நிமிடமாக அந்த பேட்டரி அவர் நெஞ்சோடு இருந்திருக்கிறது, எதுவும் ஆகவில்லை.

பலர் கவனிக்காத இடம் இதற்கு அடுத்தது. பேட்டரிக்குப் பிறகும் சக் சமாளித்திருப்பார். அவர் பக்கத்து வக்கீலே எழுந்து, சாட்சியின் மனநோய் இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று அவருக்கு உதவியாகப் பேசுகிறார். அந்தச் சொல்தான் அவரை உடைக்கிறது. தனக்குப் பைத்தியம் இல்லை என்று கத்தத் தொடங்குகிறார். எண்ணை மாற்றியது எனக்குத் தெரியும், மேக்னா கார்ட்டாவுக்கு அடுத்த வருடம் 1216, நான் எப்படித் தப்பாக எழுதுவேன் என்கிறார். இங்கிலாந்து மன்னரின் உரிமைப் பட்டயமான மேக்னா கார்ட்டா முத்திரையிடப்பட்டது 1215இல். எண்களை அப்படி நினைவு வைத்துக்கொள்கிற ஆள் தப்பு செய்திருக்கவே மாட்டார். சிறுவயது முதல் தம்பி செய்த எல்லாத் திருட்டையும் கொட்டுகிறார். கேமரா மெல்ல மெல்ல அவர் முகத்தை நோக்கி நகர்கிறது. அவர் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்றுகூடப் பொய் இல்லை. அறையில் ஒருவர்கூட நம்பவும் இல்லை.

ஜிம்மி எந்த இடத்தில் சால் ஆகிறான்?

நான்காம் சீசனின் கடைசிக் காட்சி என்பார்கள்; உரிமம் திரும்பக் கிடைத்ததும் புதுப் பெயரில் தொழில் செய்யப் போவதாகச் சொல்லும் இடம். அது அறிவிப்பு மட்டும்தான். எங்களைக் கேட்டால், மாற்றம் நடந்தது அதே சீசனின் முதல் எபிசோடின் முடிவில்.

சக் தீயில் இறந்துவிட்டார். அவரை நிறுவனத்திலிருந்து வெளியேற்றியதால்தான் இப்படி ஆனது என்று ஹோவர்ட் வந்து குற்ற உணர்ச்சியில் தவிக்கிறார். வெளியேற்ற வேண்டி வந்தது இன்சூரன்ஸ் பிரீமியம் உயர்ந்ததால். உயர்ந்தது ஏனென்றால், அண்ணனின் மனநிலை பற்றி இன்சூரன்ஸ் அலுவலகத்தில் போய் அழுது நடித்துப் போட்டுக் கொடுத்தவன் ஜிம்மி. இது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதுவரை பிரமை பிடித்தவன் போல் உட்கார்ந்திருந்தவன், அந்தச் சுமை உன்னுடையது என்று ஹோவர்டிடம் சொல்லிவிட்டு எழுகிறான். காபி போடுகிறான். மீனுக்குத் தீனி போடுகிறான். சீட்டியடிக்கிறான். பின்னால் நின்று கிம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பழியை இன்னொருவர் தலையில் இறக்கிவைத்தால் லேசாகிவிடலாம் என்று கண்டுபிடித்த நிமிடம் அது.

கிம் ஏன் அப்படி நடந்துகொண்டாள்? பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்களே?

கெடுக்கவில்லை. நல்ல பெண்ணை ஜிம்மி கெடுத்தான் என்ற சுலபமான கதையை அவர்கள் எழுத மறுத்தார்கள், அவ்வளவுதான். இரண்டாம் சீசன் முதல் எபிசோடிலேயே ஒரு மதுக்கூடத்தில் இருவரும் சேர்ந்து ஓர் ஆளை ஏமாற்றுகிறார்கள், கிம் அதை ரசிக்கிறாள். நான்காம் சீசன் முடிவில் ஜிம்மி விரலைத் துப்பாக்கி போல நீட்டுவதைப் பார்த்துத் திகைத்தவள், ஐந்தாம் சீசன் முடிவில் அதே சைகையை அவனைப் பார்த்துச் செய்கிறாள். அப்போது திகைப்பவன் அவன். ஆறாம் சீசனில் ஹோவர்டைச் சிக்கவைக்கும் நாளில், தன் கனவு வேலைக்கான சந்திப்புக்குக் காரில் போய்க்கொண்டிருக்கிறாள். திட்டம் பிசகியது தெரிந்ததும் நடுவழியில் வண்டியைத் திருப்புகிறாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அதன் விளைவுதான் ஹோவர்டின் சாவு. அதற்குப் பிறகு இருவரும் செய்வதை ஒப்பிட்டுப் பாருங்கள். கிம் தன் வக்கீல் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாம் இருவரும் சேர்ந்தால் மற்றவர்களுக்கு விஷம் என்று சொல்லிப் பிரிகிறாள். அவனோ அடுத்த காட்சியிலேயே பளபளப்பான சாலாக நிற்கிறான். பல வருடம் கழித்து, ஹோவர்டின் மனைவியிடம் உண்மையை எழுதிக் கொடுத்துவிட்டு, விமான நிலையப் பேருந்தில் உட்கார்ந்து கிம் உடைந்து அழும் காட்சி ஒரே ஷாட்டில் ஓடுகிறது. முகத்தை அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. யாரோ ஒரு பயணி தோளில் கை வைக்கிறார். கிம்மாக நடித்த ரியா சீஹார்னுக்கு, அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மியின் பரிந்துரையே 2022இல்தான் முதன்முறை கிடைத்தது என்பது இன்னும் ஆறாத விஷயம்.

பிரேக்கிங் பேடோடு எங்காவது முரண்படுகிறதா?

நடிகர்களின் வயது கூடித் தெரிவதைத் தவிர, வியக்கும் அளவுக்குக் குறைவு. 2009இல் வந்த எபிசோடில் சால் முதன்முதலாகத் தோன்றியபோது, பாலைவனத்தில் முகமூடி ஆட்களிடம் பயந்துபோய், "நான் இல்லை, இக்னாசியோதான்", "லாலோ அனுப்பவில்லையா" என்று உளறுவான். அன்று அவை வெறும் பெயர்கள். அந்த எபிசோடை எழுதியவரே பீட்டர் கூல்ட். பின்னால் அதே பெயர்களிலிருந்து, போதைப்பொருள் கும்பலைச் சேர்ந்த நாச்சோவும் (இக்னாசியோதான் அவன்) லாலோவும் முழு மனிதர்களாக எழுந்து வந்தார்கள்.

இன்னொன்று: பிரேக்கிங் பேடில் சாலுக்கு, கோழிக்கடை நடத்திக்கொண்டே போதைப்பொருள் வியாபாரம் செய்யும் கஸ்ஸை நேரடியாகத் தெரியாது. அதை இங்கும் காப்பாற்றியிருக்கிறார்கள். மூன்றாம் சீசனில் ஜிம்மி கஸ்ஸின் கோழிக்கடைக் குப்பைத் தொட்டியைக் கிளறும்போது, கஸ் பக்கத்தில் வந்து பேசிவிட்டே போகிறார். அவர் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

மைக், கஸ் பகுதி வேறொரு தொடர் போல இருக்கிறதே?

இந்தக் குறை நியாயமானது. ஐந்தாம் சீசன் வரை இரண்டு கதைகளும் தொடாமல் ஓடும் இடங்கள் உண்டு, கஸ்ஸின் போதைப்பொருள் ஆய்வகத்துக்காக நிலத்தடியில் தோண்டும் பகுதி நீளம்தான். ஆனால் நான்காம் சீசன் கடைசி எபிசோடில் மைக் தனக்குப் பிடித்த, ஆய்வகத்தைக் கட்டும் பொறியாளரான வெர்னரைத் தன் கையால் சுட வேண்டி வருகிறது. ஜிம்மி புதுப் பெயரை அறிவிப்பதும் அதே எபிசோடில்தான். அதை வைத்துத்தான் அந்த நீளத்தை ஏற்றுக்கொள்கிறோம்.

எம்மி விருதே இல்லையாமே?

தொடருக்கு 53 பரிந்துரைகள், ஒரு வெற்றிகூட இல்லை.

86 வருடச் சிறை நியாயமான முடிவா?

நியாயம்தான். கடைசி எபிசோடில் பிடிபட்ட சால், வாயாலேயே பேசித் தண்டனையை ஏழு வருட அளவுக்குக் குறைத்துவிட்டான், சிறையில் வாரா வாரம் ஐஸ்கிரீம்கூட ஒப்பந்தத்தில் உண்டு. சால் ஜெயித்துவிட்டான். ஆனால் கிம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள் என்று தெரிந்த பிறகு, நீதிமன்றத்தில் அவள் முன்னால் எழுந்து தன் ஒப்பந்தத்தைத் தானே கிழிக்கிறான். கடைசியாக அண்ணனைப் பற்றிச் சொல்கிறான். அது குற்றமே இல்லையே என்று அவனுடைய வக்கீல் பிறகு கேட்கும்போது, குற்றம்தான் என்கிறான். நான்காம் சீசனில் ஹோவர்ட் தலையில் இறக்கி வைத்ததை அங்கேதான் திரும்ப எடுத்துக்கொள்கிறான். ஜேம்ஸ் மெக்கில் என்று அழைக்கச் சொல்வதும் அங்கேதான்.

திரும்பப் பார்க்க விரும்பினால் எந்த எபிசோடுகள்?

63ஐயும் முடியாதவர்களுக்கு எங்கள் தேர்வு: முதல் சீசனில் 6, 9, இரண்டாவதில் 8 முதல் 10 வரை, மூன்றாவதில் 5, 10, நான்காவதில் 1, 10, ஐந்தாவதில் 8, 9, ஆறாவதில் 7, 9, 12, 13. இரண்டாவது சுற்றில் ஜிம்மியை விட்டுவிட்டு ஹோவர்டை மட்டும் கவனித்துக்கொண்டே போங்கள். பாட்ரிக் ஃபேபியன் முதல் எபிசோடிலிருந்தே அவரை ஒரு நல்ல மனிதராகத்தான் நடித்திருக்கிறார். முதல் தடவை நாம் அவரை ஜிம்மியின் கண்ணால் பார்த்துவிடுகிறோம்.